காதால் கேட்டு எழுதிய துபாஷி

பண்டசோழநல்லூர் என்று சொன்னால், தமிழ் எழுதத் தெரிந்த எவரும் அதை எழுதத் தயங்கமாட்டார். பண்-ட-சோ-ழ-நல்-லூர் என்று ஆறு அசைகளாக அந்தப் பெயர் தானே பிரிந்து நிற்கும். (யாப்பிலக்கணம் கூறும் நேரசை, நிரையசை வேறு; இங்கே அசை என்பது ஒரு முயற்சியில் பிறக்கும் ஒலித்துண்டு.) அதே பெயரை ஒரு பிரெஞ்சு எழுத்தர் கேட்டால் நான்காவது அசையிலேயே தடுமாறிப் போவார். ழகரம் அவர் நாவுக்கு எட்டாது. உகரம் ஒன்றுக்கு அவர் இரண்டு எழுத்துக்கள் போடவேண்டும். எந்தப் பெயரானாலும் கடைசி அசையில்தான் குரலை ஊன்றுவார். பிரெஞ்சுக்காரர் ஏடுகளில் வில்லியனூர் வில்லெனூர் ஆனதும், ஒழுகரை உல்கரே ஆனதும் இவ்வாறுதான். அந்த உல்கரேயின் வாலில், எவரும் உச்சரிக்காத தகர மெய் ஒன்றையும் அவர்கள் ஒட்டவைத்தார்கள்!

வில்லியனூர், பாகூர் வட்டாரத்து மக்களும் பதிலுக்குப் பதில் செய்யாமல் விடவில்லை. நகரசபைத் தலைவர் அவர்கள் வாயில் மேர் ஆனார். பத்திரம் எழுதுபவர் நொத்தேர் ஆனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிப் பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா ஆனார். 1880-ல் ஏற்பட்ட கொம்யூன் என்ற அமைப்பின் பெயர், 1954-ல் பிரெஞ்சு ஆட்சி அகன்ற பிறகும் போகவில்லை. இன்றும் அங்குள்ள பஞ்சாயத்துக்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்றே பெயர். ஏர் பிடித்த கை இந்தச் சொற்களைப் புத்தகத்தில் பார்த்துக் கற்கவில்லை. காதில் விழுந்ததை நாவு தனக்கு ஏற்றபடி அசை பிரித்துக்கொண்டது.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை 1749, 1750 ஆகிய ஆண்டுகளில். அப்போது புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக வீற்றிருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். காதில் விழுந்த பிரெஞ்சைத் தமிழெழுத்தில் பிடித்து வைக்கும் வேலையை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக் காலம் அவரைப் போல் செய்தவர் வேறு ஒருவரும் இல்லை.

மாமனுக்கு நேர்ந்த கதி

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வாணிகம் செய்தவர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை அந்நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷி. மைத்துனர் அழைக்கவே, திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

குடும்பம் அங்கே வேரூன்றுவதற்குள் இடி விழுந்தது. 1716-ல் கவர்னர் எபேர் நைனியப்ப பிள்ளையைப் பிடித்துச் சிறையிலிட்டார். கலகம் மூட்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுக்கள். யேசு சபைப் பாதிரிமாருக்கு அவர்மேல் இருந்த பகை இதற்குப் பின்னால் நின்றது. திருவேங்கடம் பிள்ளையும் காவலில் வைக்கப்பட்டார்.

அந்த வழக்கு விசாரிக்கப்பட்ட முறை வியப்புக்குரியது. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்த்துக்கீசிய மொழிக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சில் மட்டும் ஏட்டில் ஏறியது. கடற்கரை வாணிகத்துக்கு அக்காலத்தில் போர்த்துக்கீசியமே பொதுமொழி. பதிவான வாக்குமூலத்தில் சாட்சிகள் தமிழில் கையொப்பம் இட்டார்கள்; மேலே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பின்னாளில் மறுவிசாரணை வந்தபோது அவர்களில் பலர் இதையே முறையிட்டார்கள். நைனியப்ப பிள்ளைக்குக் கடைவீதியில் கசையடி கிடைத்தது. சொத்துப் பறிபோயிற்று. 1717-ல் அவர் சிறைக்குள்ளேயே இறந்தார். மாமன் பிடிபட்ட ஆண்டில் ஆனந்தரங்கனுக்கு வயது ஏழு.

நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பலேறிப் பாரிஸ் நகரம் சென்று, அரச சபையில் நியாயம் கேட்டார். தந்தைமேல் சுமத்திய பழி துடைக்கப்பட்டது. குருவப்பர் அங்கே ஞானஸ்நானம் பெற்று, செயின்ட் மிஷேல் என்ற வீரர் வரிசையில் சேர்க்கப்பட்டு, செவாலியே பட்டத்துடன் திரும்பினார். தந்தையின் பதவியும் கிடைத்தது. ஆனால் நெடுநாள் அனுபவிக்கவில்லை, 1724-ல் காலமானார். ஒரு மொழியின் வழியாகப் போன மானத்தை அந்த மொழியின் தலைநகருக்கே போய் மீட்டு வந்தவர் அவர்.

இவ்வளவையும் அருகிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் யார் என்ன சொன்னார், எந்த நாழிகையில் சொன்னார், உடன் இருந்தவர் யார் என்று ஒன்று விடாமல் தமிழில் குறித்து வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பரங்கிப்பேட்டை முதல் கவர்னர் மாளிகை வரை

1726-ல் திருவேங்கடம் பிள்ளை இறந்தார். அப்போது கவர்னராயிருந்த லெனுவார் துரை, பதினேழு வயதே நிரம்பிய ஆனந்தரங்கரிடம் நம்பிக்கை வைத்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையில் பொறுப்புக் கொடுத்தார். துணிக்குச் சாயம் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பும் தொழில் அங்கே நடந்தது. பிள்ளை கைப்பணத்தைப் போட்டு லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் கடைகள் வைத்தார். சொந்தமாகக் கப்பலும் ஓட்டினார். அதன் பெயர் ஆனந்தப்புரவி. பின்னால் அவருக்கு வந்த பதவியையே பெரிதாகப் பேசுபவர்கள், அவர் அடிப்படையில் ஒரு வியாபாரி என்பதை மறந்துவிடுகிறார்கள். சரக்கின் விலையைப் போலவே சொல்லின் விலையையும் அறிந்த வியாபாரி.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில், அவர் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பெரிய ஏட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். தினப்படிச் சேதிக் குறிப்பு என்று அதற்குப் பெயர். தமிழ்த் தேதியும் ஐரோப்பியத் தேதியும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வந்த கப்பல், போன கப்பல், கோட்டையில் முழங்கிய பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, அடித்த புயல், துரையின் முகம் சிவந்தது, துரை சிரித்தது, யார் வீட்டுக் கலியாணம், எவன் லஞ்சம் வாங்கினான் எல்லாம் அதில் உண்டு.

1742-ல் துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தார். தலைமைத் துபாஷியாக அப்போது கனகராய முதலியார் இருந்தார், கிறிஸ்தவர், செல்வாக்குள்ள குடும்பம். மறைந்த மகன் நினைவாக அவர் ஒழுகரையில் கட்டிய தேவாலயமும் 1745-ல் அங்கே நடந்த பெருவிருந்தும் பிள்ளையின் ஏட்டில் இடம் பெற்றிருக்கின்றன. அந்தப் பக்கங்களில் பொறாமை தெரியாமல் இல்லை. 1746 பிப்ரவரியில் முதலியார் இறந்தார். போட்டிகள் பல நடந்து, அடுத்த ஆண்டில் பதவி முறைப்படி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

அசை பிரியும் விதம்

துபாஷியின் மூலதனம் காது. பிரெஞ்சு மொழி, காதுக்கு ஒன்றும் கண்ணுக்கு ஒன்றுமாக இருக்கும் மொழி. லா பூர்தொனே என்ற கப்பற்படைத் தலைவர் 1746 செப்டம்பரில் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தாரே, அவர் பெயரைப் பிரெஞ்சில் எழுதப் பதின்மூன்று எழுத்துக்கள் வேண்டும். வாயால் சொல்ல நான்கே அசைகள்: லா-பூர்-தொ-னே. கடைசியிலுள்ள மெய் ஒலிக்காது. இரட்டித்த னகரம் ஒன்றாகவே ஒலிக்கும். இரண்டு உயிரெழுத்துச் சேர்ந்து ஓர் ஏகாரமாகிவிடும். எழுத்தைப் பார்த்து வாசிப்பவன் இங்கே விழுந்துவிடுவான். காதால் கேட்டவன் விழமாட்டான்.

தமிழனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழெழுத்தே அசையெழுத்து. க என்று எழுதினால் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரு முழு ஒலி. பிரெஞ்சு மொழியும் தன் சொற்களை அவ்விதமே பிரிக்கிறது: இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால், அது பின்னால் வரும் உயிரோடுதான் சேரும், முன்னால் உள்ளதோடு நிற்காது. இன்னும் ஒரு படி மேலே போனால் நம்முடைய புணர்ச்சி இலக்கணமே அங்கே வந்து நிற்கும். அவன் இல்லை என்பதை நாம் அ-வ-னில்-லை என்று சொல்கிறோம். னகரம் அடுத்த சொல்லின் உயிரில் ஏறிக்கொள்கிறது. பிரெஞ்சில் பன்மையைக் காட்ட லே என்ற சிறு சொல் முன்னே வரும். அதன் இறுதியில் எழுதப்படும் சகர மெய் ஊமை. பிரெஞ்சுக்காரர் என்பதைச் சொல்லும்போது லே பிரான்சே என்று அது ஊமையாகவே இருக்கும். ஆங்கிலேயர் என்பதற்கான சொல் உயிரில் தொடங்குவதால், ஊமை வாய் திறந்து லேஸாங்லே என்று சேர்ந்து ஒலிக்கும். இலக்கணம் படிக்காமலே பேச்சில் உடலும் உயிரும் சேரக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல.

தகராறு வேறிடத்தில். தமிழில் எந்த அசையும் இரண்டு மெய்யோடு தொடங்காது. கவர்னரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் து என்று ஓர் அசையும், ப்ளெக்ஸ் என்று ஓர் அசையுமாகப் பிரிப்பார்கள். தமிழ் நாக்கோ பகர மெய்யை முதல் அசைக்குத் தள்ளி, துப்-ளெக்ஸ் என்று வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடம் ஒன்று மாறினால் பெயரின் நடையே மாறிவிடுகிறது. லெனுவார் துரையின் பெயரும் அப்படியே. அவர்களுக்கு அது இரண்டு அசை. நகரமும் வகரமும் ஒரே வீச்சில் வரவேண்டும். நமக்கு லெ-னு-வார் என மூன்று.

அந்தக் கவர்னர் பெயரிலுள்ள முதல் ஒலி இன்னொரு சங்கடம். அது உகரமும் அல்ல, இகரமும் அல்ல. உகரத்துக்குக் குவிப்பது போல் இதழைக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை இகரத்துக்கு வைத்துப் பார்த்தால் கிடைக்கும். புதுச்சேரித் தமிழர் இதற்குத் துய் என்று எழுதி ஒரு வழி கண்டார்கள். சென்னைப் பக்கத்தில் ஆங்கிலப் புத்தகம் வழியாகப் பெயரை அறிந்தவர்கள் டூப்ளே என்றார்கள். இதில் இரண்டு பிழை. பிரெஞ்சின் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லைத் தொட்டுப் பிறப்பது. டகரத்துக்கு அங்கே இடமில்லை. பிரெஞ்சில் கடைசி மெய் ஒலிக்காது என்று பாதி விதி படித்தவர்கள் ளே என்று நிறுத்திவிட்டார்கள். இந்தப் பெயரில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் கடைசி மெய்யை விடாமல் க்ஸ் என்றே முடிக்கிறார்கள். ஏட்டுப் படிப்பு ஏமாற்றும் இடம் இது.

சில பெயர்கள் தமிழுக்கென்றே வார்த்தது போல் அமைந்தன. பராதி என்ற படைத்தலைவர் 1746-ல் அடையாற்றங்கரையில் நவாபின் சேனையைச் சிறு படை கொண்டு முறியடித்தவர். அவர் பெயரின் நடுவிலுள்ள தகரம் மெலிந்து ஒலிக்க வேண்டும். உயிர்களுக்கு இடையில் வரும் வல்லினத்தை மெலித்துச் சொல்வது தமிழின் இயல்பாகையால், எழுதியபடி வாசித்தாலே பிரெஞ்சு வந்துவிடும். கும்பினியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் இறுதியில் ஞகரம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயன் அதற்குத் திண்டாடுவான், நமக்குத் தனி எழுத்தே உண்டு. மூக்கால் சொல்லும் உயிர்களுக்கு மட்டும் நம்மிடம் எழுத்தில்லை. போன், வேன் என்று னகரத்தைச் சேர்த்தெழுதினோம். அவர்கள் னகரத்தைத் தொடுவதே இல்லை, மூச்சை மட்டும் மூக்குக்கு அனுப்புகிறார்கள்.

சொற்கள் எல்லாம் பிரெஞ்சிலிருந்தே வந்தவை என்றும் நினைத்துவிடக் கூடாது. படைவீரனை அக்காலத் தமிழில் சொல்தாது என்றார்கள். ஈற்றில் து இருப்பதைக் கொண்டே அது போர்த்துக்கீசியச் சொல் என்று கண்டுகொள்ளலாம். பிரெஞ்சில் அந்த ஈறு ஒலிக்காது. பாகூர்ப் பக்கத்துக் கிழவர்கள் சொன்ன சொல்தா பிற்காலத்தில் நேரே பிரெஞ்சிலிருந்து வந்தது. ஓர் அசையில் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் காதும் மட்டமல்ல. பிள்ளை என்ற பட்டத்தை அவர்கள் புல்லே என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். இது பிழை என்று தோன்றும். ஆனால் பேச்சில் நம்மவர்களே புள்ளே என்றுதானே சொல்கிறார்கள்? எழுத்தைப் பார்த்திருந்தால் பிள்ளை என்று எழுதியிருப்பார்கள். தெருவில் கேட்டதை எழுதியபடியால் புல்லே ஆயிற்று.

துரைசானியின் தமிழ்

ஆனந்தரங்கப் பிள்ளைக்கு வாய்த்த பெரும் போட்டி கனகராய முதலியார் அல்லர். கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ். இந்த அம்மாள் 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தந்தை பிரெஞ்சு வைத்தியர். தாய் வழியில் போர்த்துக்கீசிய, இந்திய இரத்தம். தமிழ் பேசுவார். ஒற்றர்களைத் தாமே வைத்து நடத்தினார். நவாபுகளின் தர்பாரில் ஜான் பேகம் என்று அவர் பெயர் வழங்கிற்று.

இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்பதே துபாஷியின் பலம். கவர்னரின் படுக்கையறையிலேயே இன்னொரு துபாஷி இருந்தால் அவர் பாடு என்ன ஆகும்? பகலில் பிள்ளை சொன்ன சேதியை இரவில் அம்மாள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். பிள்ளையின் ஏட்டில் இந்த அம்மாளைப் பற்றி வரும் பகுதிகளில் மை கொஞ்சம் காரமாகவே இருக்கிறது. அம்மாள் தரப்பைச் சொல்ல ஒரு நாட்குறிப்பு இல்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பிள்ளை தம்மைப் பற்றித் துரை புகழ்ந்த சொற்களை விடாமல் எழுதிக்கொண்டவர்; ஜாதகத்திலும் சகுனத்திலும் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர்; சாதிப் பெருமை உள்ளவர். எல்லாவற்றையும் அவர் ஏடே காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் அந்த ஏட்டை நம்பலாம்.

1748-ல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். பராதி அந்தப் போரில் மாண்டார். முற்றுகையின் நடுவே, செப்டம்பர் மாதத்தில், யேசு சபையார் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் கவர்னர் உத்தரவால் இடிக்கப்பட்டது. நெடுநாளாகப் பாதிரிமாரும், அவர்களோடு மதாமும் விரும்பியது அது. தலைமைத் துபாஷி அந்த நாட்களில் துரையின் பக்கத்திலேயே இருந்தார். ஊரார் வந்து முறையிட்டார்கள். தடுக்க அவரால் முடியவில்லை. வயிற்றெரிச்சலோடு நடந்ததை எழுதி வைத்ததுதான் அவர் செய்தது. பதவியைத் துறக்கவில்லை. அவர் வாழ்வில் இது ஒரு வடு என்று சொல்பவர்களுக்கு மறுமொழி கூறுவது கடினம்.

அடுத்த ஆண்டில் காற்று திசை மாறியது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் சந்தா சாகிபும் முசபர் ஜங்கும் பிரெஞ்சுத் துணையோடு வென்றார்கள். வெற்றிக்குக் காணிக்கையாக வில்லியனூர்ச் சீமையும், பிறகு பாகூர்ச் சீமையும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. அதுவரை நவாபின் ஆட்கள் வந்து வரி கேட்ட சிற்றூர்களின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஏறத் தொடங்கிய காலம் அது. முசபர் ஜங் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பதவியும் செங்கற்பட்டு ஜாகீரும் அளித்தார். மேள வாத்தியத்தோடு பல்லக்கிலேறிக் கவர்னர் மாளிகைக்குள் போகும் உரிமை அவருக்கு இருந்தது. தமிழில் ஆனந்தரங்கன் கோவை, வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு என்று புலவர்கள் அவர்மேல் நூல்கள் பாடினார்கள். குடிகளுக்கு இந்தப் புகழால் என்ன லாபம் என்று கேட்டால், 1752-ல் பாகூர் வயல்களிலேயே ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டதைத்தான் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் படை அங்கே தோற்றது.

புள்ளி இல்லாத எழுத்து

பிள்ளையின் ஏடுகள் அவர் காலத்துக்குப் பின் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கலுவா மோம்புரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி எடுத்தார். ஆரியேல் என்ற தமிழறிந்த பிரெஞ்சு அதிகாரி எடுத்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. காரைக்காலில் வளர்ந்து பாரிஸில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த ஜூலியன் வென்சோன் 1894-ல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் அச்சிட்டனர். தமிழ் மூலம் அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! புதுச்சேரி ஞானு தியாகு அந்த வேலையைத் தொடங்கினார். முழுவதும் பன்னிரண்டு தொகுதிகளாகத் தமிழில் வந்தது 2019-ல்.

பிரதி எடுத்தவர்களுக்கும் அச்சிட்டவர்களுக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் பெரும் தொல்லை கொடுத்தன. அக்காலக் கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற பிரிவை வீரமாமுனிவர் வகுத்தது அந்த நூற்றாண்டில்தான், அது கணக்கப்பிள்ளைகள் கைக்கு வந்து சேர நாளாயிற்று. புள்ளியை எடுத்துவிட்டு ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் கஷ்டம் தெரியும். நான்கைந்து எழுத்துக்கள் வரிசையாக நிற்கும். எது உயிர்மெய், எது வெறும் மெய், எங்கே அசை முடிகிறது என்பது ஒன்றும் விளங்காது. தமிழ்ச் சொல்லானால் பழக்கத்தால் கண்டுகொள்ளலாம். பிரெஞ்சுச் சொல்லுக்கு அந்த வழியும் இல்லை. கப்பல் பதிவேடுகளையும் கும்பினிக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் புதுச்சேரியில் இருந்த துரை யார் என்று தேடி, பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். எழுதியவர் காதால் எழுதியவர் அல்லவா?

எழுத்தைப் பார்த்தெழுதும் ஒரு பிரெஞ்சுக் குமாஸ்தா விட்டுச் செல்லாத சாட்சி இது. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கோட்டைக்குள் பிரெஞ்சு எப்படி ஒலித்தது என்பதற்குத் தமிழ் ஏடு ஒன்று ஆதாரமாக நிற்கிறது.

இறங்குமுகம்

1754-ல் கொதேயு என்பவர் பிரான்சிலிருந்து வந்து துய்ப்ளேக்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். துரை போனதோடு துபாஷியின் நட்சத்திரமும் மங்கிற்று. உடம்பும் நோயில் விழுந்தது. அந்த ஆண்டிலேயே தம்பி திருவேங்கடமும் இறந்தார். லெரி துரை கவர்னராயிருந்த காலத்தில், 1756-ல், பதவி பறிபோயிற்று. வாணிகத்தில் வரவேண்டிய பணம் வரவில்லை. கடன்காரர்கள் நின்றார்கள். கையில் ஏடு மட்டும் இருந்தது. பழையபடி செய்தி கொண்டுவர ஆட்கள் இல்லை, வந்ததை எழுதினார்.

1758-ல் லல்லி பெரும் படையோடு வந்து இறங்கினார். முன்கோபி. இந்த நாட்டு மொழியையோ மனிதரையோ அறியாதவர்; அறிந்தவர்களைக் கேட்கவும் விரும்பாதவர். சென்னையைப் பிடிக்கப் போய்த் தோற்றார். வந்தவாசியில் 1760 ஜனவரியில் முறிந்தார். அந்த ஆண்டிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்தார்கள். வில்லியனூர் அவர்கள் கைக்குப் போயிற்று. சுற்றுக் கிராமங்களிலிருந்து நெல் உள்ளே வருவது நின்றது. பட்டினிக்கு அஞ்சி லல்லி ஊராரில் பெரும்பகுதியைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் பிள்ளையின் வீடு இருக்கிறது. கீழ்க்கட்டில் தமிழ் முறையில் செதுக்கிய மரத்தூண்கள். மேல்மாடியில் சுண்ணம் பூசிய ஐரோப்பியத் தூண்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏற்ற வீடுதான். அந்த வீடு நின்ற ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த 1761 ஜனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்களே இருக்கையில், ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். வயது ஐம்பத்தொன்று. ஜனவரி 16-ல் லல்லி சரணடைந்தார். ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் வீதிகளையும் வெடிவைத்துத் தகர்த்தனர்.

நாட்குறிப்பு அதோடு நிற்கவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை, தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலும் சில ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்.